இஷொயில் ஓர் ஆர்மீனிய அம்மன்

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு தினசரிப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். டென்மார்க்கில், நான் குடியிருந்த இஷொய்க்குப் பக்கத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவினேன். காலையில் சட்டி, மத்தியானத்துக்குப் பிறகு மொழிப் பள்ளிக்கூடம். சட்டியில் அடிப்பிடித்ததையாவது சுரண்டி எடுத்துவிடலாம். டேனிஷ்காரர் தொண்டைக்குள் அடிப்பிடிக்க வைத்திருக்கும் எழுத்துகளை ஒருவராலும் சுரண்டி எடுக்க முடியாது. எழுதும்போது எட்டு எழுத்து இருக்கும். பேசும்போது மூன்று வரும். மிச்சம் எங்கே என்று கேட்டால் டீச்சர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார்.

ஒருநாள் அவர் எல்லோரையும் எழுப்பி, சொந்த நாட்டில் என்ன வேலை செய்தோம் என்று சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது, "நான் ஜூர்னலிஸ்ட்" என்றேன். டேனிஷில் நான் பிழையில்லாமல் சொல்லக்கூடிய சில சொற்களில் அது ஒன்று.

முன்வரிசையில் டை கட்டியிருந்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்தார். அந்த வகுப்பில் டை கட்டி வருபவர் அவர் ஒருவர்தான்.

"நானும் ஜூர்னலிஸ்ட்," என்றார். "நீ எந்த மக்கள்?"

"தமிழ்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் முழுவதும் வெளிச்சம் பரவியது. "மெட்ராஸ்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். நாற்காலி விழுந்தது. வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். துருக்கிக்காரரும் வியட்நாம்காரரும் சிலிக்காரரும் நிறைந்த வகுப்பு கைதட்டியது.

அவர் ஆர்மீனியர். பெய்ரூத்தில் ஆர்மீனியர் நெருக்கியடித்து வாழும் பகுதியில் பிறந்தவர். அங்கே ஓர் ஆர்மீனிய நாளிதழில் பல வருடம் நிருபராக இருந்தவர். மெட்ராஸ் ஏன் என்பதை அவர் எனக்கு விளங்கப்படுத்தி முடிக்க அந்த இடைவேளை முழுவதும் தேவைப்பட்டது. உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையை, ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன்னர், ஓர் ஆர்மீனியப் பாதிரியார் மெட்ராஸில்தான் அச்சடித்தாராம். ஆர்மீனியப் பத்திரிகைக்காரர் ஒவ்வொருவருக்கும் அது தாய்வீடு மாதிரி.

"மெட்ராஸ் இந்தியா. நான் ஸ்ரீலங்கா. நடுவில் கடல்," என்றேன்.

"சின்னக் கடல்," என்று கையை வீசினார்.

நானும் விட்டுவிட்டேன். டென்மார்க்குக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. கடலைக் காட்டி அதைக் கெடுப்பானேன்?

அவருக்கு ஆர்மீனியன், அரபு, துருக்கி, பிரெஞ்சு தெரியும். எனக்குத் தமிழ், ஆங்கிலம், சிங்களம் தெரியும். ஆறேழு மொழி தெரிந்த இரண்டு படித்த மனிதர்கள், இருவருக்கும் தெரியாத டேனிஷில்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரே கதைதான். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். சட்டப்படி எங்களுக்கு வரவேண்டிய அனுமதி. ஆனால் மேலே யாரோ தமிழரின் விண்ணப்பங்களை அடியில் போடச் சொல்லிவிட்டார்கள். பின்னாளில் டென்மார்க் முழுவதும் தமிழர் வழக்கு என்று பேசப்பட்டது இதுதான். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எஸ்-ரயில் பிடித்துக் கோப்பன்ஹேகன் போய்க் கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரு பெண் சிரித்தபடி சொல்வார். நாங்களும் சிரித்தபடி திரும்பி வருவோம்.

ரண்டர்ஸில் இருந்த ஓர் அண்ணை தமிழ் மாத இதழ் ஒன்று நடத்தினார். மட்டக்களப்பில் தபாலதிபராக இருந்தவர். பகலில் தொழிற்சாலை வேலை. மற்ற நேரத்தில் இதழ் முழுவதையும் முத்து முத்தான தன் கையெழுத்தில் எழுதி, போட்டோ பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புவார். அவர் ஒருநாள் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, மாசா மாசம் இந்த விண்ணப்பக் கதையையே எழுதி என்ட கை வளைஞ்சு போச்சு. சனத்துக்கும் அலுத்துப் போச்சு. வேற ஏதும் எழுது மனே."

"என்னத்தை எழுத அண்ணை?"

"இந்த ஆர்மீனியா எண்டு டிவியில பூகம்பம் காட்டினானே, அந்த ஆக்கள் இஞ்ச இருக்காங்களாம். அவங்களும் எங்களைப் போல சிறுபான்மையாம். ஒரு கட்டுரை எழுது."

நானும் ஆர்மீனியரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் அவரைப் பேட்டி கண்டு எங்கள் இதழுக்கு எழுதுவது. அவர் என்னைப் பேட்டி கண்டு பெய்ரூத்துக்கு எழுதி அனுப்புவது.

அவருடைய வீடு எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு கட்டடம் தள்ளி ஐந்தாம் மாடியில் இருந்தது. மேசையில் திராட்சை இலைக்குள் சோறும் இறைச்சியும் வைத்துச் சுற்றியது, பாலாடைக்கட்டி, சின்னக் கோப்பையில் தார் போன்ற கோப்பி. மனைவி பரிமாறினார். ஜன்னலோரம் எண்பதை நெருங்கிய மாமியார் இருந்தார். நான் குடித்து முடித்ததும் அவர் என் கோப்பையைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த மண்டியைப் பார்த்துக் குறி சொன்னார். மருமகன் மொழிபெயர்த்தார்.

"நீ ஒரு பசு வாங்குவாய்."

"நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன்."

அவர் அதை மாமியாரிடம் சொன்னார். மாமியார் மறுபடியும் கோப்பையைப் பார்த்துவிட்டுத் தலையை உறுதியாக ஆட்டினார்.

முதலில் எழுத்துகளைப் பற்றிப் பேசினோம். ஆர்மீனியருக்குச் சொந்தமாக எழுத்து உண்டு, அதை ஒரு புனிதர் உருவாக்கினார், மொத்தம் முப்பத்தெட்டு என்றார் பெருமையாக. எங்களுக்கு இருநூற்று நாற்பத்தேழு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ்வளவையும் வைத்து என்ன செய்கிறீர்கள்?"

"அச்சுக் கோப்பவர்களை அழவைக்கிறோம்."

பிறகு நான் முறையான பேட்டியைத் தொடங்கினேன். "உங்கள் மக்கள் எல்லோருக்கும் பொதுவானது என்ன? சோவியத்தில் இருக்கும் ஆர்மீனியருக்கும், பெய்ரூத்தில், ஈரானில், இங்கே இருப்பவர்களுக்கும்?"

அவர் டையைத் தளர்த்தினார். நான் அதுவரை பார்த்திராதது அது.

"ஃபோல்கமோர்," என்றார்.

டேனிஷில் ஃபோல்க என்றால் மக்கள். மோர் என்றால் அம்மா. முதல் வாரப் பாடத்திலேயே வருவது. எங்கள் ஊரில் மோர் குடிப்பது, இந்த ஊரில் மோர் பெற்றெடுப்பது என்று சொல்லிச் சிரித்து அதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆக, மக்கள் மாதா. ஒரு தெய்வம்! உள்ளே ஒரு நிருபனுக்குரிய சந்தோஷம் கிளம்பியது. திரும்பக் கேட்டால் மரியாதையில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒவ்வொரு வருடமும் உண்டா?"

"ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம். ஏப்ரல் இருபத்து நாலு. உலகம் முழுவதும். மெழுகுதிரி, பூ, பாட்டு. ஒருபோதும் மறக்கமாட்டோம்."

சித்திரை மாதம்! எங்கள் ஊரிலும் அம்மன் கோயில்களில் கஞ்சி ஊற்றுகிற மாதம். எழுதிக்கொண்டேன்.

"எங்கே தொடங்கியது?"

"துருக்கியில். எங்கள் ஊர்களில். பிறகு எல்லோரும் நடந்தார்கள். பாலைவனத்தில். பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள்."

"நடந்தேயா?"

"நடந்தே. சாப்பாடு இல்லை. தண்ணீர் இல்லை."

நான் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் சனத்தை நினைத்தேன். இவர்களோ விரதம் வேறு இருந்து நடக்கிறார்கள்.

"மாமி நடந்தவர்," என்று அவர் ஜன்னல் பக்கம் கைகாட்டினார். "ஐந்து வயதில்."

"முழுத் தூரமுமா?"

"அவர் முழுத் தூரமும். அக்காமார் இரண்டு பேர் முடிக்கவில்லை."

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்," என்றேன் ஆறுதலாக. "பலர் பாதியில் நின்றுவிடுவார்கள்."

அவர் கோப்பைகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமியாருக்கு என்ன பேசுகிறோம் என்று எப்படியோ விளங்கியிருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்தி என்று எழுதினேன்.

சந்தேகம் ஏதும் மிச்சமிருந்தால் அதையும் அவரே தீர்த்துவைத்தார். ஒரு டேனிஷ் மிஷனரிப் பெண் லெபனானில் ஆர்மீனிய அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தாராம். மாமியாரும் அங்கே வளர்ந்தவர்தான். பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெண்ணை மம்மா என்றே கூப்பிட்டார்கள். மாமியாருக்குத் தெரிந்த ஒரே டேனிஷ், அங்கே சொல்லிக்கொடுத்த ஒரு சின்ன ஜெபம். எனக்குச் சொல்லிக் காட்டினார். மக்கள் மாதா டேனிஷ் பெண்ணாகவும் வந்திருக்கிறாள்! இதைவிட நல்ல கட்டுரை எந்த நிருபனுக்குக் கிடைக்கும்?

அதற்குப் பிறகு அவர் என்னைப் பேட்டி கண்டார். நான் ஏன் ஊரைவிட்டு வந்தேன் என்று கேட்டார். ராணுவம் வந்தது, ஓடினோம் என்றேன். டேனிஷில் ராணுவத்துக்கு ஹேரன் என்று சொல்ல வேண்டும். அதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்ட கேள்விகள் மட்டும் கொஞ்சம் விசித்திரமாக இருந்தன.

"எப்படி வந்தார்?"

"ஹெலிகொப்டரில்."

"நீ கண்ணால் பார்த்தாயா?"

"பல தடவை. பெரிய சத்தம். நெருப்பு."

"மக்கள் முழந்தாளிட்டார்களா?"

"முழந்தாள் போதாது. முகம் நிலத்தில் படக் குப்புற விழவேண்டும்."

அவர் எழுதுவதை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார். இரக்கமுள்ள மனிதர் என்று நினைத்தேன்.

'ஆர்மீனியரின் மக்கள் மாதா' என்ற என் கட்டுரை அடுத்த இதழில் முதல் பக்கத்தில் வந்தது. ரண்டர்ஸ் அண்ணை தலைப்பைச் சுற்றித் தாமரை வரைந்திருந்தார். என்னுடைய பதினைந்து வருட எழுத்தில் அப்படி ஒரு வரவேற்பைப் பார்த்ததில்லை. நாட்டில் அப்போது எங்களுக்கென்று கோயில் இல்லை. சாமிப் படத்தைப் புத்தக அலுமாரியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு, ரயில் போகும் தூரத்தில் ஓர் அம்மன் இருக்கிறாள் என்றால் சும்மாவா? கோல்டிங்கிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார்.

"அண்ணை, அந்த அம்மனுக்கு நாங்கள் நேர்த்தி வைக்கலாமோ? வேற சமயமெண்டு கோவிக்க மாட்டாவோ?"

"அதெல்லாம் தெரியாது. நான் கட்டுரை மட்டும்தான் எழுதினனான்."

"என்ரை மனிசிக்கு விசா வந்தால் அவவுக்கு ஒரு பட்டுச்சேலை எண்டு வேண்டியிட்டன்."

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஓர் அண்ணை இருந்தார். பஸ் கழுவுகிற வேலை. அவருடைய மனைவி பிள்ளைகளும் ஊரில்தான். அவர் என் கதவைத் தட்டி, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஏப்ரல் இருபத்து நாலு நாங்களும் போறம். நான் தேங்காய் உடைக்கிறதெண்டு நேர்ந்திட்டன். கீழ்வீட்டு அக்கா பொங்கல் பொங்கித் தாறாவாம். நீர் அந்த ஆளிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

நான் ஆர்மீனியரிடம் கேட்டேன். "என் நண்பர்கள் உங்கள் ஃபோல்கமோருக்கு வர விரும்புகிறார்கள். பூவும் சாப்பாடும் கொண்டு வருவார்கள். வரலாமா?"

அவர் டையை நேராக்கினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். தங்களைத் தவிர வேறு எந்த மக்களும் இதுவரை வந்ததில்லை என்றார்.

"தமிழர் வாருங்கள். எல்லோரும் வாருங்கள்."

அன்றைக்கு ரண்டர்ஸ் அண்ணை ரயிலேறி, அந்த ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து, கழுத்தில் கமெராவோடு வந்து சேர்ந்தார். கீழ்வீட்டு அக்கா கூறைச்சேலை கட்டியிருந்தார். பக்கத்துக் கடையில் வாங்கிய டியூலிப் பூக்களை நூலில் கட்டி மாலையாக்கியிருந்தார். டியூலிப் மாலைக்கென்று பிறந்த பூ அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. மேல்மாடி அண்ணை வேட்டிக்குமேல் குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டு, ஒரு பை நிறையத் தேங்காயோடு வந்தார். நெய்யும் முந்திரிப்பருப்பும் மணக்கும் சர்க்கரைப் பொங்கல் அண்டாவை நானும் ரண்டர்ஸ் அண்ணையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். எஸ்-ரயிலில் எங்களுக்கு முன்னால் இருந்த டேனிஷ்காரர் ஒருவர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தபடி கோப்பன்ஹேகன் வரைக்கும் வந்தார்.

டென்மார்க்கில் அப்போது ஆர்மீனியருக்கென்று தேவாலயம் கிடையாது. ஒரு டேனிஷ் தேவாலயத்தின் மண்டபத்தை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கதவைத் திறந்து பொங்கலோடு உள்ளே போனோம்.

எல்லோரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மெழுகுதிரிகள் எரிந்தன. சுவரில் பெரிய படங்கள். முதல் படத்தில் பாலைவனத்தில் நடக்கும் ஒரு நீண்ட வரிசை. அடுத்ததில் வழியோரம் விழுந்து கிடந்தவர்கள். அடுத்ததில் பிள்ளைகள், எலும்பும் தோலுமாக. அதற்கு மேலே, டேனிஷில், ஒரு பதாகை. அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதல் தடவையாக எழுத்தில் பார்த்தேன். மோர் என்பதற்குப் பின்னால் ஓர் எழுத்து அதிகமாக இருந்தது. டேனிஷ்காரர் விழுங்கிவிடுகிற ஓர் எழுத்து. அதைச் சேர்த்தால் அம்மா இல்லை. கொலை.

அண்டா என் கையில் கனத்தது.

"எங்க தம்பி அம்மன்?" என்று ரண்டர்ஸ் அண்ணை காதுக்குள் கேட்டார். கமெராவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"அம்மன் இல்லை அண்ணை."

"பின்ன?"

"சனத்தைக் கொலை செய்திருக்கிறாங்கள். இந்தச் சனம் முழுதையும். அந்த நாள் இது."

அவர் சுவரைப் பார்த்தார். மூடியைத் திரும்பக் கமெராவில் போட்டார். எண்பத்துமூன்று இனக்கலவரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் பின்பக்கம் பிடித்தார். டியூலிப்புகள் இரண்டு பக்கத்தாலும் எட்டிப் பார்த்தன.

ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் ஆர்மீனியர் வந்துவிட்டார். அக்காவின் கையிலிருந்து மாலையை இரண்டு கையாலும் வாங்கி, படங்களுக்கு முன்னால் வைத்தார். அண்டாவையும் மேசைக்குக் கொண்டுபோகச் செய்தார். பிறகு தன் மொழியில் ஏதோ அறிவித்தார். தமிழர், மெட்ராஸ் என்ற இரண்டு சொல்லும் எனக்கு விளங்கின. கறுப்பு உடைக்காரர் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலை வணங்கினார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பாதிரியார் கையை உயர்த்தினார். மௌன அஞ்சலி. எல்லோரும் தலை குனிந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

அப்போதுதான் மேல்மாடி அண்ணையின் நினைவு வந்தது. அவர் எங்களோடு உள்ளே வரவேயில்லை. சாமி வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று வெளியே நின்றுவிட்டார்.

டமார்!

கல் படி, கல் முகப்பு, உயர்ந்த கூரை. தேங்காய் உடைந்த சத்தம் மண்டபத்துக்குள் வெடியாக வந்து விழுந்தது. டமார், டமார் என்று அடுத்தடுத்து இன்னும் இரண்டு.

மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெய்ரூத்தில் போருக்குள் இருந்து வந்தவர்கள். நாங்கள் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும். ஒருவரும் யோசிக்கவில்லை. உடம்புக்குத் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு மக்களும் தரையில் விழுந்தோம். நாற்காலிகள் சரிந்தன. பாதிரியார் பீடத்துக்குப் பின்னால் மறைந்தார். கூறைச்சேலை கட்டிய அக்கா ஒரு நீள மர வாங்கின் கீழ் போன வேகத்தை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். நான் பொங்கல் மேசைக்கு அடியில் புகுந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆர்மீனியர் புகுந்தார். இருவருடைய மூக்கும் முட்டிக்கொண்டன.

"ஹேரன்!" என்றேன் என்னையறியாமல்.

அவர் கண்கள் விரிந்தன. "ஹெரனா? இங்கேயுமா?" என்று கேட்டுவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி ஆவலோடு கூரையைப் பார்த்தார்.

மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் டேனிஷ் பெண்மணி. சுற்றிலும் குப்புறக் கிடந்த எங்களை அவர் நிதானமாகப் பார்த்தார்.

"யாராவது எதையாவது கீழே போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார்.

கதவு திறந்தது. மேல்மாடி அண்ணை நெற்றி நிறையத் திருநீற்றோடு, இரண்டு கையிலும் இரண்டு தேங்காய்ப் பாதியோடு உள்ளே வந்தார். எல்லோரும் சாஷ்டாங்கமாகக் கிடப்பதைக் கண்டார்.

"ஐயோ, பூசை தொடங்கிட்டுதோ?" என்று கேட்டபடி தானும் விழுந்து கும்பிட்டார்.

முதலில் சிரித்தது மாமியார்தான். அவர் ஒருவர்தான் நாற்காலியிலிருந்து இறங்க நேரமில்லாமல் இருந்தபடியே குனிந்திருந்தவர். தேங்காயைக் கண்டதும் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. பிறகு யாரோ ஒருவர், பிறகு பாதிரியார், பிறகு எல்லோரும். கறுப்பு உடையில் நிலத்தில் இருந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எது சிரிப்புக் கண்ணீர், எது மற்றது என்று எனக்குத் தெரியவில்லை. பாதிரியார் எழுந்து உடையைத் தட்டிவிட்டு மௌன அஞ்சலியை முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை நானே கதவில் காவல் நின்றேன்.

இறந்தவர்களை நினைத்து வழிபட்ட பின்னர் சேர்ந்திருந்து சாப்பிடுவது ஆர்மீனியரின் வழக்கம். எங்கள் பொங்கலை அதற்காகவே கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டார்கள். கோதுமையில் உலர்ந்த பழம் போட்டு அவர்களும் இதுமாதிரி ஒன்று செய்வார்களாம். மாமியார் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். அக்காவின் சேலைக் கரையைத் தடவிப் பார்த்தபடி ஆர்மீனியனில் நீளமாக ஏதோ சொன்னார். அக்கா, "ஓமோம், ஓமோம்" என்று தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே பிழையில்லாமல் நடந்த உரையாடல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஆர்மீனியரை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். பதாகையைக் காட்டி, கடைசி எழுத்தை விரலால் மறைத்தேன். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது முகம் சிவந்தது. கோபம் என்று பயந்தேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, டை ஆட, சத்தமில்லாமல் சிரித்தார்.

"அப்படியானால் நான் சொன்னபோது நீ என்ன நினைத்தாய்? மாமி திருவிழாவுக்குப் போனாள் என்றா?"

"ஓம்."

அவர் சிரிப்பை நிறுத்தி மாமியாரைப் பார்த்தார். "நல்லது," என்றார் மெதுவாக. "ஒரு மனிதனுடைய தலைக்குள் மட்டுமாவது அவள் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள்."

பேச்சை மாற்றுவதற்காக, மேசைக்கு அடியிலிருந்து எதற்காகக் கூரையைப் பார்த்தாய் என்று கேட்டேன்.

"நீ ஹெரன் என்றாய். உங்கள் ஊருக்கு வருவதுபோல இங்கேயும் வருகிறார் என்று நினைத்தேன்."

ஹேரன் என்றால் ராணுவம். ஹெரன் என்றால் ஆண்டவர். அதை அவர் தன் பையிலிருந்து அகராதியை எடுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு மெல்ல நாற்காலியில் இருந்தார்.

"நீ என்ன எழுதி அனுப்பினாய்?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்தில் ஆண்டவர் அடிக்கடி காட்சி தருகிறார் என்று. ஹெலிகொப்டரில். மக்கள் பயந்து ஓடுகிறார்கள் என்று." அவர் நெற்றியைத் தேய்த்தார். "அச்சில் வந்துவிட்டது. மேலதிக விவரம் கேட்டு ஓர் ஆயர் எழுதியிருக்கிறார்."

திருத்தம் போடுவது இருவருக்கும் லேசாக இருக்கவில்லை. அந்த வசந்தத்தில் பெய்ரூத்தில் மறுபடியும் ஷெல்லடி. அங்கே பத்திரிகை அலுவலகத்துக்கு அவருடைய திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வேறு சிக்கல். அந்தச் சமயத்தில்தான், அரசாங்கத்தின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன், விண்ணப்பங்களைத் தாமதித்தது பிழை என்று சொல்ல, அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின. கோல்டிங்காரரின் மனைவிக்கும் அனுமதி வந்தது. நான் தொலைபேசியில் அழைத்து, அப்படி ஓர் அம்மன் இல்லை, நான் எழுதினது பிழை என்றேன்.

"அப்ப விசா எப்பிடி வந்தது?"

"ஒம்புட்ஸ்மன் சொல்லி வந்தது."

"அவருக்கு ஆர் அண்ணை புத்தி குடுத்தது?"

பட்டுச்சேலை தபாலில் என் முகவரிக்கு வந்தது. நான் அதை மாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பக்தர் அனுப்பியது என்றேன். அவர் அதை ஜன்னலுக்குத் திரையாகப் போட்டார். இஷொயிலேயே மிக அழகான ஜன்னல் அது.

கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை மேசையில் இரண்டு அகராதி. சந்தேகமான ஒவ்வொரு சொல்லையும் எழுதிக் காட்டச் சொன்னேன். மாமியார் தன் ஊரின் பெயரை, அக்காமாரின் பெயர்களை, அவர்கள் எந்த ஆற்றங்கரை வரைக்கும் வந்தார்கள் என்பதைச் சொன்னார். மருமகனே அதுவரை கேட்டிராத விஷயங்கள் அதில் இருந்தன. ரண்டர்ஸ் அண்ணை அதை எழுதி முடித்துவிட்டு என்னை அழைத்தார்.

"மனே, இத எழுதக்குள்ள ரெண்டு தாள் நனைஞ்சு போச்சு. திருப்பி எழுதினன்."

அந்த இதழுக்கு ஒரு வாசகர் கடிதமும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருடாவருடம் ஏப்ரல் இருபத்து நாலு, எங்களில் யாராவது நாலைந்து பேர் கறுப்பு உடையில் அங்கே போனோம்.

சில வருடம் கழித்து, தமிழர் வழக்கினால் அரசாங்கமே பதவி விலகிய குளிர்காலத்தில், அவர் என் வீட்டுக்கு ஒரு போத்தல் ஆர்மீனிய பிராந்தியோடு வந்தார். அதற்கு முந்திய கோடையில்தான் முதல் தடவையாக ஆர்மீனியாவுக்குப் போயிருந்தார். சோவியத் உடைந்து அது தனி நாடாகியிருந்தது. வாழ்நாள் முழுவதும் எழுதிய நாட்டின் மண்ணை யெரவானில் இறங்கி முத்தமிட்டாராம்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு பேக்கரிக்குப் போனேன். என் அழகான ஆர்மீனியனில் பாண் கேட்டேன். கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரஷ்ய மொழியில் பதில் சொன்னாள். நாங்கள் பேசுவது மேற்கு ஆர்மீனியன், அவர்களுடையது கிழக்கு. நான் பேசுவது பழங்காலத்துப் பாதிரியார் பேசுவது மாதிரி இருக்கிறதாம்."

நானும் ஒரு தடவை மெட்ராஸுக்குப் போயிருக்கிறேன் என்று சொன்னேன். சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருவரிடம் தூய தமிழில் வழி கேட்டேன். அவர் அன்பாக என் தோளைத் தட்டி, "சார் கேரளாவா?" என்றார்.

ஆர்மீனியர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒருவழியாக அனுமதி கிடைத்து வந்து சேர்ந்திருந்த என் மனைவி உள்ளேயிருந்து, புட்டு ஆறுகிறது, இரண்டு பேரும் டேனிஷில் பிழை விட்டது போதும், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார்.